கொலாஸ்டமி பை அடிக்கடி கசிகிறதா? வீட்டிலேயே சரியாகப் பொருத்துவது எப்படி? முழு விளக்கம்

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஆனா இந்தப் பையை வெச்சுக்கிட்டு எப்படிங்க வெளிய போறது?" குடல் ஆபரேஷன் முடிந்து வயிற்றில் பையோடு வீடு திரும்பும் பலரும் கேட்கும் கேள்வி இது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை நர்ஸ் வந்து பையை மாற்றிவிடுவார். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே அந்த வேலை வீட்டுக்கு வந்துவிடுகிறது. திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர், தாம்பரம் பக்கம் இருப்பவர்கள், சென்ட்ரல் அருகே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ஆபரேஷன் செய்திருக்கலாம். பை கசிந்துவிட்டது என்று ராத்திரி 11 மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் போய்க் காட்ட முடியாது. அதனால் பலர் கசியும் இடத்தில் பிளாஸ்டர் ஒட்டி, துணி சுற்றி, நாளைத் தள்ளுகிறார்கள். சிலர் வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கு அவசியமே இல்லை. பை கசிவது யாருடைய தலையெழுத்தும் அல்ல. பெரும்பாலான கசிவுக்குப் பின்னால் இருப்பது சின்ன விஷயங்கள்தான்: பையில் வெட்டிய ஓட்டையின் அளவு சரியில்லை, இல்லையென்றால் ஒட்டும்போது தோல் நன்றாகக் காயவில்லை. இந்த இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

கொலாஸ்டமி என்றால் என்ன?

பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேல் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்து, மலம் அந்த வழியாக வெளியேறும்படி செய்யும் ஆபரேஷன்தான் கொலாஸ்டமி. வெளியே தெரியும் குடல் வாய்க்குப் பெயர் ஸ்டோமா. அதன்மேல் ஒட்டும் பையில் மலம் சேரும்.

மலக்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, குடல் முறுக்கிக்கொள்வது, விபத்தில் குடலில் காயம், பிறவியிலேயே ஆசனவாய் சரியாக உருவாகாதது என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. சிலருக்கு இது தற்காலிகம். சில மாதங்கள் கழித்து இன்னொரு ஆபரேஷனில் குடலை மறுபடி இணைத்துவிடுவார்கள். சிலருக்கு நிரந்தரம். உங்களுக்கு எது என்பதை டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுகுடலை வெளியே கொண்டுவந்தால் அது இலியாஸ்டமி. அதில் மலம் தண்ணியாக, அதிகமாக வரும். கொலாஸ்டமியில், குறிப்பாக இடது பக்கம் இருந்தால், மலம் ஓரளவு கெட்டியாக வரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பை, சாப்பாடு இரண்டுமே அதைப் பொறுத்து மாறும்.

நல்ல ஸ்டோமா எப்படி இருக்கும்?

சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ, வாயின் உள்பக்கம் போல ஈரமாகப் பளபளப்பாக இருக்கும். தொட்டால் வலிக்காது, ஏனென்றால் தோலில் இருப்பது போன்ற வலி நரம்புகள் அதில் கிடையாது. துடைக்கும்போது லேசாக ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

வலிக்காது என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பையின் ஓட்டை இறுக்கமாக இருந்து ஸ்டோமாவை அறுத்தாலும் உடனே தெரியாது. அதனால் ஒவ்வொரு முறை பை மாற்றும்போதும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

எந்த மாதிரி பை?

ஒற்றைப் பை: பையும் தோலில் ஒட்டும் பிளேட்டும் சேர்ந்தே இருக்கும். மெல்லியதாக இருக்கும், உடைக்குள் துருத்திக்கொண்டு தெரியாது. மாற்றும்போது மொத்தமாக எடுக்க வேண்டும்.

இரட்டைப் பை: பிளேட் தனி, பை தனி. பிளேட்டைத் தோலிலேயே விட்டுவிட்டு பையை மட்டும் கழற்றி மாற்றலாம். வளையத்தில் பை சரியாக உட்கார்ந்ததா என்று சுற்றிலும் விரலால் அழுத்தி, லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் அடியில் திறந்து காலி செய்யும் வகை உண்டு, மூடிய வகையும் உண்டு. ஸ்டோமா தோலோடு தோலாக அமுங்கி இருப்பவர்களுக்கு, நடுவில் குவிந்திருக்கும் பிளேட் தேவைப்படலாம். அதை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். டாக்டரோ ஸ்டோமா நர்ஸோ பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாற்றுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய பையைக் கழற்றிய பிறகு "கத்தரிக்கோல் எங்க?" என்று தேடக்கூடாது. எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

• புதிய பை, பிளேட்
• அளவு அட்டை (பை பெட்டியிலேயே இருக்கும்), பேனா
• நுனி வளைந்த சின்ன கத்தரிக்கோல்
• வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு அல்லது மெல்லிய காட்டன் துணி
• உலர்ந்த சுத்தமான துணி
• பழைய பையைப் போட நியூஸ் பேப்பர், கவர்
• டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் ஸ்டோமா பவுடர், பேஸ்ட்
• நிற்கும்போது வயிறு தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி

எப்போது மாற்றுவது நல்லது?

காலையில், காபி டிபன் சாப்பிடுவதற்கு முன்பு. அப்போது குடல் அமைதியாக இருக்கும். சாப்பிட்ட உடனே மாற்றினால், தோலைத் துடைத்துக் காயவைப்பதற்குள் மலம் வந்துவிடும். காலையில் முடியாவிட்டால் சாப்பிட்டு 2 மணி நேரமாவது கழித்து மாற்றலாம்.

படிப்படியாக மாற்றும் முறை

1. கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். பையில் இருப்பதை முதலில் காலி செய்துவிடுங்கள்.

2. பிளேட்டின் மேல் ஓரத்திலிருந்து கீழ்நோக்கி மெதுவாக எடுங்கள். ஒரு கை பிளேட்டை எடுக்கும்போது இன்னொரு கை பக்கத்துத் தோலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டர் பிய்ப்பதுபோல ஒரே இழுப்பில் இழுக்காதீர்கள். வரவில்லை என்றால் ஈரப் பஞ்சால் ஓரத்தை நனைத்து நனைத்து எடுங்கள்.

3. எடுத்த பிளேட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். கசிவுக்கான காரணம் அங்கேதான் தெரியும். (விவரம் கீழே.)

4. ஸ்டோமாவையும் சுற்றியுள்ள தோலையும் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடையுங்கள். டெட்டால், ஸ்பிரிட், வாசனை சோப்பு, குழந்தைகளுக்கான ஈர வைப்ஸ் எதுவும் வேண்டாம். பழைய பசை கொஞ்சம் ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம்.

5. உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு 2 நிமிடம் காற்றில் விடுங்கள். வேர்வை வந்தால் பக்கத்தில் இருப்பவர் விசிறிவிடலாம். ஸ்டோமா எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். காய வேண்டியது சுற்றியுள்ள தோல்.

6. ஸ்டோமாவை அளந்து, பிளேட்டில் ஓட்டையை வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தை விரலால் தடவி, கூராக இருந்தால் வழவழப்பாக்குங்கள்.

7. பிளேட்டைப் பின்தாள் உரிக்காமலே இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு நிமிடம் வைத்திருங்கள். உடம்புச் சூட்டில் பசை இளகினால் நன்றாகப் பிடிக்கும்.

8. தாளை உரித்து, வயிற்றுத் தோலில் சுருக்கம் இல்லாதபடி நேராக நின்றுகொண்டோ, சாய்ந்து படுத்துக்கொண்டோ ஒட்டுங்கள். முதலில் ஸ்டோமாவின் கீழ்ப்பக்கம், பிறகு மேல்பக்கம். ஓட்டையைச் சுற்றி உள்ளிருந்து வெளிப்பக்கமாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள்.

9. உள்ளங்கையைப் பிளேட்டின்மேல் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பலர் அவசரத்தில் விட்டுவிடும் படி இது.

10. பையின் அடிவாய் மூடியிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். இதை மறந்துவிட்டு எழுந்து நடந்தால், செய்த வேலையெல்லாம் வீண்.

ஆரம்பத்தில் அரை மணி நேரம்கூட ஆகும். கை பழகிவிட்டால் பல் விளக்குவதுபோல சாதாரண வேலையாகிவிடும்.

அளவுதான் முக்கியம்: எவ்வளவு வெட்ட வேண்டும்?

ஸ்டோமாவின் விளிம்புக்கும் ஓட்டையின் விளிம்புக்கும் நடுவே அதிக இடைவெளி இருக்கக்கூடாது. ஓட்டை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டோமா 30 மி.மீ. என்றால் ஓட்டை 32 அல்லது 33 மி.மீ.

பெரிதாக வெட்டினால் நடுவில் தெரியும் தோலில் மலம் பட்டு, தோல் வெந்துபோகும். வெந்த தோலில் நீர் கசியும், அதில் பிளேட் ஒட்டாது. மறுபடி கசியும், மறுபடி தோல் வெந்துபோகும். இந்தச் சுழலில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சின்னதாக வெட்டினால் ஸ்டோமா அறுபடும், ரத்த ஓட்டம் பாதிக்கும்.

ஆபரேஷன் ஆனதும் ஸ்டோமா வீங்கியிருக்கும். பிறகு 6 முதல் 8 வாரத்துக்குள் மெல்ல மெல்லச் சுருங்கும். ஆஸ்பத்திரியில் முதல் நாள் வெட்டித் தந்த அளவையே மாதக்கணக்கில் வெட்டிக்கொண்டிருப்பது பெரிய தவறு. முதல் 2 மாதம் வாரம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள். பிறகு உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

ஸ்டோமா வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவோ கோணலாகவோ இருந்தால், ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் பிடித்து வடிவத்தை வரைந்து, அதை அச்சாக வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிளேட்டின் பின்தாள் தோலைப் பார்த்த பக்கம். அதில் வரையும்போது அச்சைத் திருப்பிப் போட்டு வரைய வேண்டும். இல்லாவிட்டால் இடது வலமாகி, ஓட்டை பொருந்தாது.

கசிந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கழற்றிய பிளேட்டின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் பசை கரைந்து வெள்ளையாக ஊறியிருந்தால்: பிளேட்டை அதிக நாள் விட்டுவிட்டீர்கள். அடுத்த முறை ஒருநாள் முன்னதாகவே மாற்றுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மலம் ஓடின தடம் இருந்தால்: அந்தப் பக்கத் தோலில் மடிப்போ பள்ளமோ இருக்கிறது. உட்கார்ந்து, குனிந்து, நின்று கண்ணாடியில் பாருங்கள். படுத்திருக்கும்போது தெரியாத மடிப்பு உட்கார்ந்தால் தெரியும். அந்தப் பள்ளத்தை மட்டும் பேஸ்ட்டால் நிரப்பலாம். பேஸ்ட் என்பது பசை அல்ல, பள்ளம் நிரப்புவது. சுவருக்குப் பட்டி பார்ப்பது மாதிரி. நிறையப் பூசினால் பிளேட் ஒட்டாது.

பிளேட் காய்ந்திருந்து, தோலில் மட்டும் ஸ்டோமாவைச் சுற்றி வளையமாகச் சிவந்திருந்தால்: ஓட்டை பெரிதாகிவிட்டது. மறுபடி அளங்கள்.

பிளேட் இருந்த இடம் முழுவதும் அதே வடிவத்தில் சிவந்து அரித்தால்: அந்தப் பசை உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். டாக்டரிடம் காட்டி வேறு வகை கேளுங்கள்.

மலம் அடியில் இறங்காமல் ஸ்டோமா மேலேயே அப்பிக்கொண்டால்: பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டுவதற்கு முன் பைக்குள் கொஞ்சம் காற்று இருக்கும்படி விரித்துவிடுங்கள். உள்ளே சில சொட்டு பேபி ஆயில் விட்டுக் கசக்கினாலும் வழுக்கி இறங்கும். எண்ணெய் பைக்குள் மட்டும்தான், தோலில் படக்கூடாது.

இதைச் செய்யவே செய்யாதீங்க

• தோலில் தேங்காய் எண்ணெய், கிரீம், முகத்துக்குப் போடும் பவுடர் பூசாதீர்கள். எதுவும் ஒட்டாது.
• காற்று நிரம்பிய பையில் ஊசியால் ஓட்டை போடாதீர்கள். அதன் பிறகு நாற்றமும் கசிவும் நிற்காது. அடிவாயைத் திறந்து காற்றை விடுங்கள்.
• நாற்றம் போக ஆஸ்பிரின் மாத்திரையைப் பைக்குள் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ஸ்டோமாவில் புண் உண்டாக்கும்.
• கசியும் பிளேட்டின்மேல் பிளாஸ்டர் ஒட்டி நாள் கடத்தாதீர்கள். உள்ளே மலம் தோலை அரித்துக்கொண்டிருக்கும்.
• தோல் வெந்திருந்தால் ஸ்டோமா பவுடரை அந்த இடத்தில் மட்டும் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஒட்டுங்கள். நல்ல தோலில் பவுடர் தேவையில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிடுங்கள். பாதிக்கு மேல் நிரம்பவிட்டால் எடை தாங்காமல் பிளேட் இழுபடும். டாய்லெட்டில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலி செய்தால் தெறிக்காது. அடிவாயைத் துடைத்துவிட்டு மூடுங்கள். நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

பிளேட்டை வழக்கமாக 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஒற்றைப் பை என்றால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். எப்படியும் ஒரு வாரத்தைத் தாண்டக்கூடாது. பிளேட்டின் கீழ் அரிப்பு, எரிச்சல், நாற்றம் என்று எது தெரிந்தாலும் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

வெயில், வேர்வை, வெள்ளம்: நம்ம ஊருக்கு என்ன கவனம்?

சென்னைப் புறநகரின் புழுக்கத்தில் பிளேட்டின் பசை சீக்கிரம் இளகும். கத்திரி வெயில் காலத்தில் 4 நாள் தாங்கும் பிளேட் 2 அல்லது 3 நாள்தான் தாங்கும். அது உங்கள் தவறு அல்ல. அந்த மாதங்களுக்குக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய காட்டன் துணி உறை போட்டால் வேர்க்குரு வராது.

பைப் பெட்டியை ஸ்கூட்டர் டிக்கியிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். சூட்டில் பசை கெட்டுவிடும். ஃப்ரிட்ஜும் வேண்டாம். அலமாரியில், காய்ந்த இடத்தில் இருந்தால் போதும்.

மழைக்காலத்துக்கும் ஏற்பாடு தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாளில் மருந்துக்கடை திறந்திருக்காது. அக்டோபர் பிறக்கும்போதே 2 வாரத்துக்கான பை, பிளேட், அளவு எழுதிய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி நகல், ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

சேலை, வேட்டி, பேன்ட் கட்டலாமா?

கட்டலாம். பாவாடை நாடாவோ வேட்டிக் கட்டோ பெல்ட்டோ ஸ்டோமாவின் நேர்மேலே இறுக்கக்கூடாது, அவ்வளவுதான். கொஞ்சம் மேலேயோ கீழேயோ கட்டுங்கள். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் வசதி. சுடிதார், தளர்வான சட்டையில் பை வெளியே தெரியாது.

ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை என்றால் ஒரு முக்கியமான விஷயம். ஸ்டோமா எந்த இடத்தில் வர வேண்டும் என்று முன்கூட்டியே வயிற்றில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சேலை, வேட்டி எங்கே கட்டுவீர்கள், தரையில் சம்மணம் போட்டு உட்காருவீர்களா என்பதைச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற, மடிப்பு விழாத இடத்தில் ஸ்டோமா இருந்தால், பிறகு வரும் பாதிப் பிரச்னை இல்லாமல் போகும். அவசர ஆபரேஷனில் இதற்கு நேரம் இல்லாமல் போகலாம்.

என்ன சாப்பிடலாம்?

கொலாஸ்டமி உள்ளவர்கள் மெல்ல மெல்ல வழக்கமான சாப்பாட்டுக்கே திரும்பலாம். புதிதாக ஒரு பண்டத்தைச் சேர்க்கும்போது ஒரு நாளைக்கு ஒன்று என்று சேர்த்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்.

காற்று அதிகமாக்குபவை: மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைகோஸ், சோடா, குளிர்பானம். வேகமாக விழுங்குவது, ஸ்ட்ரா போட்டுக் குடிப்பது இவற்றாலும் காற்று சேரும்.

நாற்றம் கூட்டுபவை: முட்டை, மீன், பூண்டு, வெங்காயம். விசேஷ வீட்டுக்குப் போகிற அன்று தவிர்த்தால் போதும். மோர், தயிர் பலருக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும்.

தண்ணியாகப் போனால்: இட்லி, குழைந்த சாதம், வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி.

இறுகிவிட்டால்: தண்ணீர், பழம், காய்கறியைக் கூட்டுங்கள். கொஞ்சம் நடங்கள். டாக்டரைக் கேட்காமல் பேதி மாத்திரை வேண்டாம்.

பீட்ரூட் சாப்பிட்டால் மலம் சிவப்பாக வரும். ரத்தம் என்று பதற வேண்டாம்.

இலியாஸ்டமி என்றால் கூடுதல் கவனம் தேவை. தேங்காய்த் துண்டு, வேர்க்கடலை, மக்காச்சோளம் போன்றவை சரியாக மெல்லாமல் போனால் அடைத்துக்கொள்ளும். உடம்பில் தண்ணீரும் உப்பும் சீக்கிரம் குறையும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

குளியல், வேலை, கோயில், பயணம்

பையோடும் குளிக்கலாம், மாற்றும் நாளில் பை இல்லாமலும் குளிக்கலாம். ஸ்டோமாவுக்குள் தண்ணீர் போய்விடாது. தண்ணீரை வேகமாக அதன்மேல் மட்டும் பாய்ச்ச வேண்டாம். குளித்த பின் பிளேட்டின் ஓரத்தைத் துடைத்து உலர்த்துங்கள்.

முதல் 6 முதல் 8 வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை தூக்கவே கூடாது. ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வர வாய்ப்பு அதிகம். பிறகும் டாக்டர் சொன்ன அளவுக்குத்தான். ஆனால் நடப்பது நல்லது. டாக்டர் சரி என்றதும், திருநீர்மலை கோயில் படிகளை நிதானமாக நின்று நின்று ஏறுவதற்கும் பை ஒரு தடை அல்ல. மூடிய பை உடம்பில் இருப்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது, மணக்காது.

வேலைக்குப் போகிறவர்கள் கைப்பையில் வெட்டித் தயாராக வைத்த பிளேட், பை, ஒரு பாட்டில் தண்ணீர், கவர், மாற்று உடை ஒன்று வைத்துக்கொண்டால் தாம்பரம் - பீச் ரயிலில் தைரியமாகப் போகலாம். விமானத்தில் போனால் பிளேட்டுகளை வீட்டிலேயே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பைகளை லக்கேஜில் மொத்தமாகப் போட்டுவிடாமல் கையோடு கொண்டு போங்கள்.

கணவன் மனைவி உறவுக்கும் இது தடை அல்ல. முன்னதாகப் பையைக் காலி செய்து, துணி உறை போட்டுக்கொண்டால் போதும். சந்தேகத்தை டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம்: ஆசனவாய் அப்படியே இருப்பவர்களுக்கு அவ்வப்போது கழிவறைக்குப் போக வேண்டும் போலத் தோன்றும், சளி போல வெளியேறும். இது இயல்புதான். சளியில் ரத்தமோ கெட்ட நாற்றமோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்கு ஸ்டோமா இருந்தால்?

குழந்தைகளுக்கென்றே சின்ன பைகள் கிடைக்கும். பெரியவர்கள் பையை வெட்டிச் சமாளிக்க வேண்டாம். குழந்தையின் தோல் மிக மெல்லியது, அதனால் எடுக்கும்போது ஈரப் பஞ்சு கட்டாயம். குழந்தை அழும்போது ஸ்டோமா நிறம் கொஞ்சம் மாறி, அழுகை நின்றதும் பழையபடி ஆகிவிடும். அப்படித் திரும்பாமல் கறுப்பாகவே இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பழைய பையை எங்கே போடுவது?

உள்ளே இருப்பதை டாய்லெட்டில் காலி செய்துவிட்டு, பையை நியூஸ் பேப்பரில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டுங்கள். டயப்பர், நாப்கின் போல தனியாகச் சுற்றி, காய்கறிக் கழிவோடு கலக்காமல் கொடுக்க வேண்டும். திருநீர்மலை 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த பகுதி. குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளரிடம் இது என்னவென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். அவர் வெறும் கையால் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை வரக்கூடாது. பையை டாய்லெட்டுக்குள் போட்டால் குழாயும் செப்டிக் டேங்கும் அடைத்துக்கொள்ளும்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

• ஸ்டோமா நீலமாகவோ, ஊதாவாகவோ, கறுப்பாகவோ மாறுவது
• அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காதது, ஸ்டோமாவின் உள்ளிருந்து ரத்தம் வருவது
• மலமும் காற்றும் வராமல் வயிறு உப்பி, வலி, வாந்தி
• ஸ்டோமா திடீரென்று நீளமாக வெளியே தள்ளுவது, அல்லது உள்ளே போய்விடுவது
• தண்ணியாக நிற்காமல் போய், தலை சுற்றல், சிறுநீர் குறைவது
• சுற்றியுள்ள தோலில் ஆழமான புண், சீழ், காய்ச்சல்

இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. நிலைமை மோசம் என்றால் 108-ஐ அழையுங்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி தூரம் என்றால், குரோம்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துப் போங்கள்.

பைக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால்?

பலர் பையை இழுத்து இழுத்துப் பயன்படுத்துவதற்கு அசட்டை காரணம் அல்ல, காசுதான். சிலர் பாலித்தீன் கவரை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். இதில் தோல் வெந்துபோய், கடைசியில் மருந்துக்கே அதிகம் செலவாகிவிடும்.

ஆபரேஷன் செய்த அரசு மருத்துவமனையின் சர்ஜரி ஓ.பி.யில், "பை வாங்க வசதி இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்பது இன்னும் நல்லது. மூடிய பைக்குப் பதிலாக, அடியில் திறந்து காலி செய்யும் பையைப் பயன்படுத்தினால் எண்ணிக்கை குறையும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து கவனிக்கும் சேவை இருக்கிறது. அதுபற்றிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பொதுவான சந்தேகங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண் உண்டு. ஸ்டோமா உள்ளவர்களுக்காகவே மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு இயங்குகிறது.

இந்தப் பை எப்படி வந்தது தெரியுமா?

1793-ல் பிரான்ஸில் ஆசனவாய் இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு சர்ஜன் டியூரே கொலாஸ்டமி செய்தார். அந்தக் குழந்தை 40 வயதைத் தாண்டி வாழ்ந்தது. ஆனால் அதற்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடும் ஒட்டும் பை கிடையாது. துணியும் ரப்பர் பையும் உலோகக் கிண்ணமும் பெரும்பாலும் பெல்ட் போட்டுக் கட்டிச் சமாளித்தார்கள்.

1954-ல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற நர்ஸ், ஸ்டோமா ஆபரேஷனுக்குப் பிறகு கசியுமோ என்று பயந்து வெளியே போகாமல் முடங்கிய தன் தங்கை தோராவைப் பார்த்து ஒரு வழி யோசித்தார். தோலில் ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பை. அதுதான் இன்றைய பைகளின் முன்னோடி.

தோலைக் காப்பாற்றும் வழியில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. நம் நாட்டுக் காடுகளில் எடுக்கும் காராயா பிசின் ஈரத்திலும் தோலில் பிடித்துக்கொள்கிறது என்பதை, 1950-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் சர்ஜன் ரூபர்ட் டர்ன்புல் கண்டுகொண்டு ஸ்டோமா நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். தன் நோயாளியாக இருந்த நார்மா கில் என்ற பெண்ணையே 1958-ல் அங்கே வேலைக்கு எடுத்து, மற்ற நோயாளிகளுக்குப் பை பொருத்தச் சொல்லித்தர வைத்தார். ஸ்டோமா நர்ஸ் என்ற தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1993 முதல் அக்டோபர் மாத முதல் சனிக்கிழமையில் உலக ஆஸ்டமி தினம் கடைப்பிடிக்கப்படுகிறது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

ஆரம்பத்தில் மனைவியோ மகளோ மாற்றிவிடலாம். ஆனால் கண்ணும் கையும் சரியாக இருக்கும் நோயாளி, தானே மாற்றப் பழகுவதுதான் நல்லது. முதல் வாரம் அவர் பார்க்கட்டும், அடுத்த வாரம் ஓட்டை வெட்டட்டும், அதற்கடுத்து தானே ஒட்டட்டும். அவர் செய்யும்போது முகம் சுளிக்காமல் பக்கத்தில் இருங்கள். அவசரத்துக்கு உதவ வீட்டில் இன்னொருவரும் பழகி வைத்திருங்கள்.

சாப்பிடுவதைக் குறைப்பது, விசேஷத்துக்கு வர மறுப்பது, தனியாகவே படுத்திருப்பது எல்லாம் கசிவு பயத்தின் அறிகுறியாக இருக்கலாம். "ஏன் இப்படி இருக்கீங்க?" என்று கேட்பதைவிட, "வாங்க, இன்னிக்கு மறுபடி அளந்து பார்க்கலாம்" என்று அளவு அட்டையை எடுங்கள். அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது கழற்றிய பிளேட்டின் பின்பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். டாக்டருக்கும் நர்ஸுக்கும் எங்கே தவறு என்று உடனே புரியும்.